சாம்பலும் உலைக்கசடும் கலந்த கான்கிரீட்: வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலோர ஊர்களில் வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். சிமென்ட் வாங்கப் போனவர்கள் கடை வாசலில் நின்றபடியே கூப்பிடுவார்கள். "சார், மூட்டையில ஃபிளை ஆஷ்னு போட்டிருக்கு. வாங்கலாமா, வேற பாக்கட்டுமா?" ஒரு வரியில் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்புறம் அதற்கடுத்தது. எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கழிவுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக மூன்று. அனல்மின் நிலையத்தில் அரைத்த நிலக்கரி எரியும்போது புகையோடு மேலே போகும் நுண்ணிய சாம்பல் முதலாவது. இதுதான் ஃபிளை ஆஷ். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை என்று நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. இரண்டாவது, இரும்பு உருக்கும் ஊதுலையில் இரும்புக் குழம்பின் மேல் மிதக்கும் கசடு. இதை ஸ்லாக் என்பார்கள். விசாகப்பட்டினம், பெல்லாரி பக்கத்து உருக்காலைகளில் நிறைய உண்டாகிறது. மூன்றாவது சிலிகா ஃபியூம். சிலிக்கான், ஃபெரோசிலிக்கான் உலைகளின் புகையிலிருந்து பிடிக்கும் தூள்.

உலைக்கு அடியில் தங்கும் கட்டிச் சாம்பலும், குளம் வெட்டித் தேக்கிவைத்திருக்கும் ஈரச் சாம்பலும் வேறு. நிலம் நிரப்ப, மேடு கட்ட அவை போகும். நான் இங்கே சொல்வது புகையிலிருந்து உலர்வாகப் பிடித்த சாம்பலைத்தான்.

சிமென்டில் சாம்பலைச் சேர்ப்பது கலப்படம் இல்லையா?

இல்லை. யாரோ மூட்டையைப் பிரித்துச் சாம்பலைக் கொட்டினால் அது கலப்படம். ஆலையில் அளவோடு சேர்த்து, மூட்டையில் அச்சிட்டு விற்பதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. ஐஎஸ் 1489 படி வரும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்டில் ஃபிளை ஆஷ் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். ஐஎஸ் 455 படி வரும் பிஎஸ்சி (போர்ட்லேண்ட் ஸ்லாக்) சிமென்டில் ஸ்லாக் 25 முதல் 70 சதவீதம் வரை. இரண்டும் சேர்ந்த காம்போசிட் சிமென்டுக்கு 2015-இல் ஐஎஸ் 16415 வந்தது.

இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளைச் சேர்ப்பார்கள். சுர்க்கி என்று பெயர். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டியதுதான். சுர்க்கி அன்று சுண்ணாம்போடு சேர்ந்து செய்த வேலையை இன்று ஃபிளை ஆஷ் செய்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையில் லட்சம் டன்னுக்கு மேல் ஃபிளை ஆஷ் போட்டிருக்கிறார்கள்.

சரி, சாம்பல் சேர்ந்தால் கான்கிரீட் எப்படி நீடிக்கும்?

சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று பசை, ஜல்லியையும் மணலையும் கட்டிப் பிடிப்பது அதுதான். இன்னொன்று சுண்ணாம்பு. இறுகிய சிமென்டில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் இந்தச் சுண்ணாம்புதான். பலத்துக்கு இதனால் பெரிய உபயோகம் கிடையாது, தண்ணீரில் கரையவும் செய்யும். பழைய மொட்டைமாடித் தளத்தின் அடியில் விரிசல் ஓரமாக வெள்ளையாக வடிந்து காய்ந்திருக்குமே, சில வீடுகளில் சின்ன விழுது மாதிரித் தொங்குமே, அது உள்ளேயிருந்து கரைந்து வெளியே வந்த சுண்ணாம்பு. அது கரைந்து போன வழியெல்லாம் உள்ளே ஓட்டை.

ஃபிளை ஆஷில் பெரும்பகுதி கண்ணாடித் தன்மையுள்ள சிலிகாவும் அலுமினாவும். தனியாகத் தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பும் ஈரமும் கூட இருந்தால் மெதுவாக வினைபுரிந்து அந்தச் சுண்ணாம்பையே மறுபடி பசையாக மாற்றும். உபயோகமில்லாத பொருள் குறைகிறது, பிடிக்கிற பொருள் கூடுகிறது. புதிதாக உண்டாகும் பசை இருக்கிற நுண்துளைகளில் போய் உட்காருவதால் தண்ணீர் உள்ளே நுழையும் வழிகள் அடைபடுகின்றன. கான்கிரீட்டைக் கெடுக்கும் உப்பும் சல்பேட்டும் பெரும்பாலும் தண்ணீரோடுதான் உள்ளே போகின்றன என்பதால், வழி அடைபடுவதுதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஃபிளை ஆஷை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழுக்கும். உலையில் உருகிய துளிகள் காற்றிலேயே உறைந்து குட்டிக் கண்ணாடி உருண்டைகளாக விழுந்தவை அவை. சிமென்ட் துகளோ உடைத்த கல் மாதிரி மூலை முடுக்காக இருக்கும். உருண்டை கலந்தால் கலவை இலகுவாக ஓடும், அதே இளக்கத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். தண்ணீர் குறைந்தாலே துளைகளும் குறையும்.

கடலோரத்தில் வீடு. இந்தச் சிமென்ட் உதவுமா?

கடலோரத்தில்தான் இது மிகவும் உதவுகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அங்கே இருக்கும் காரத்தன்மை. அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு மெல்ல மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் அந்தப் படலம் ஓட்டையாகிவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து தள்ளும்போது கான்கிரீட் பிளக்கிறது.

கடற்கரைத் தெருக்களில் நடந்து பாருங்கள், எந்த வீட்டிலும் முதலில் போவது சன்ஷேடும் பால்கனி ஓரமும்தான். அடிப்பக்கம் கம்பி ஓடும் வரிசையிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரியும். சில மாதம் கழித்து அந்த இடம் உப்பும். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பத்தை பத்தையாக விழும். விழுந்த பத்தையைத் திருப்பிப் பார்த்தால் கம்பியின் முறுக்கு அச்சு துருவோடு அப்படியே பதிந்திருக்கும்.

ஃபிளை ஆஷ், ஸ்லாக் இரண்டுமே உப்பு நுழையும் வேகத்தைக் குறைக்கின்றன. நுழைந்த உப்பில் ஒரு பகுதியை, அவற்றில் உள்ள அலுமினா கட்டிப் போட்டும் வைக்கிறது. இதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. கான்கிரீட் வில்லையின் இரு பக்கமும் கரைசல் வைத்து ஆறு மணி நேரம் மின்சாரம் செலுத்தி, எத்தனை கூலும் (மின்னூட்டத்தின் அளவு) கடந்தது என்று பார்ப்பார்கள். 4000-க்கு மேல் போனால் உப்பு எளிதில் நுழையும் கான்கிரீட். 1000-க்குக் கீழே வந்தால் மிகவும் கெட்டி. சோதனைச் செலவு ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது என்றாலும், பெரிய வேலைகளில் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆனால் சிமென்டை மாற்றினால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கான்கிரீட் வேலைக்கான தர நிர்ணயமான ஐஎஸ் 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம் 30 கான்கிரீட் (28 நாளில் 30 மெகாபாஸ்கல் பலம்), தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், அதாவது கவர். இந்த மூன்றில் கவர்தான் அதிகம் கோட்டை விடப்படுகிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார்கள். கான்கிரீட் கொட்டி ஆட்கள் மேலே நடந்தால் அது நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிவிடும். அதற்குமேல் எந்தச் சிமென்ட் போட்டும் பயன் இல்லை.

ஸ்லாக் என்ன விதத்தில் வேறு?

ஃபிளை ஆஷுக்குச் சுண்ணாம்பு வேண்டும். ஸ்லாக்கில் சுண்ணாம்பு கூடவே இருக்கிறது, தூண்டிவிடக் கொஞ்சம் சிமென்ட் இருந்தால் தானே இறுகும். அதனால்தான் 70 சதவீதம் வரை சேர்க்க முடிகிறது. ஒரு நிபந்தனை: உருகிய கசடின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி உடனே குளிர்வித்திருக்க வேண்டும். அப்போது அது கண்ணாடி மணலாக உறையும். தானாக ஆறவிட்ட கசடு வெறும் கல். ஜல்லிக்கு ஆகும், சிமென்டுக்கு ஆகாது.

ஸ்லாக் சிமென்ட் போட்டுப் பலகை பிரித்ததும் கான்கிரீட் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். காற்றுப் படப்பட அது வழக்கமான சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இதைப் பார்த்து இரவு பதினொரு மணிக்கு எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு.

நிலத்தடி நீரில் சல்பேட் அதிகம் உள்ள இடத்தில், அஸ்திவாரத்துக்கு ஸ்லாக் அதிகம் சேர்ந்த பிஎஸ்சி நல்ல தேர்வு. கனமான ராஃப்ட் (கட்டடத்தின் அடி முழுக்க ஒரே தளமாகப் போடும் அஸ்திவாரம்), பைல் கேப் (பூமிக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்களின் தலைக்கட்டு) மாதிரி வேலைகளிலும் உதவும். சிமென்ட் இறுகும்போது வரும் சூடு குறைவதால் உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் ஏறி வெடிக்கும் ஆபத்து குறைகிறது.

சிலிகா ஃபியூம் நம் வீட்டுக்கு வேண்டுமா?

வேண்டாம். அதன் துகள் சிமென்ட் துகளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. சேர்த்ததும் கலவை பிசுபிசுவென்று ஆகிவிடும், தண்ணீரைக் குறைக்கும் ரசாயனம் இல்லாமல் கையாள முடியாது. துபாயின் புர்ஜ் கலீஃபாவின் அடியில் உள்ள நிலத்தடி நீர் கடல் நீரைவிடவும் உப்பு கூடியது. அங்கே பைல்களுக்கு 25 சதவீதம் ஃபிளை ஆஷும் 7 சதவீதம் சிலிகா ஃபியூமும் சேர்த்த கான்கிரீட் போட்டார்கள். அந்த மாதிரி வேலைக்கு அது சரி.

பிபிசி மூட்டையில் கிரேடு 33-க்குச் சமம் என்கிறார்கள். 53 கிரேடு ஓபிசி (சாம்பலோ ஸ்லாக்கோ சேராத சாதாரண சிமென்ட்) பலம் அதிகம்தானே?

நான் அதிகம் சண்டை போட்ட கேள்வி இது. தர நிர்ணயத்தில் பிபிசிக்கு 28 நாளில் குறைந்தபட்சம் 33 மெகாபாஸ்கல் பலம் வேண்டும், 53 கிரேடு ஓபிசிக்கு 53 வேண்டும். இவை இரண்டுமே கீழ் எல்லைகள். பிபிசி 33-ஐத் தாண்டிப் போகக்கூடாது என்று எங்கும் இல்லை, சந்தையில் வருபவை பொதுவாகத் தாண்டியே போகின்றன.

ஆரம்ப வேகத்தில் வித்தியாசம் உண்மை. மூன்றாம் நாளில் பிபிசிக்குக் கேட்பது 16, ஓபிசி 53-க்குக் கேட்பது 27. ஃபிளை ஆஷின் வினை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். 28 நாளுக்குப் பிறகு ஓபிசியின் வளர்ச்சி மந்தமாகும்போது பிபிசி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டில் பாரம் ஏறுவது பல மாதம் கழித்துத்தான். அவசரமாகப் பலகை பிரித்தாக வேண்டிய வேலை, முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் பிரீகாஸ்ட் வேலை இவற்றுக்கு ஓபிசி இருக்கட்டும். சொந்த வீட்டுக்கு நான் பிபிசியையோ பிஎஸ்சியையோதான் சொல்வேன்.

முட்டு எப்போது பிரிக்கலாம்?

ஐஎஸ் 456 ஓபிசிக்குச் சொல்லும் கணக்கு: நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. மற்ற சிமென்டுக்குத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. 7 நாள் என்று இருக்கும் இடத்தில் பிபிசிக்கு நான் 10 நாளாவது விடுவேன், மார்கழி மாதம் போன்ற குளிரில் இன்னும் கொஞ்சம். சென்ட்ரிங்காரர் பலகையை அடுத்த வேலைக்குக் கேட்டு நிற்பார். வாடகை கூடுதலாக ஆகும் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்?

சாம்பலின் வினை மெதுவானது, அது நடக்க ஈரம் வேண்டும் என்று மேலே சொன்னேன். ஈரம் போனால் வினை நின்றுவிடும். நின்ற பிறகு உங்களிடம் இருப்பது சிமென்ட் குறைவாகப் போட்ட கான்கிரீட். சுண்ணாம்பு அப்படியே இருக்கும், துளையும் அப்படியே இருக்கும். ஐஎஸ் 456 ஓபிசிக்கு 7 நாள், கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் என்கிறது. நான் 14-க்குக் குறைய ஒப்புக்கொள்வதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடலோர வீட்டில் பிபிசியில் தளம் போட்டோம். கொத்தனார் முறையாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். மூன்றாம் நாள் எனக்கு ஊரில் கல்யாணம், இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது பங்குனி வெயிலில் பாத்தி எல்லாம் வறண்டு, சேற்று வரப்பு வெடித்துக் கிடந்தது. மோட்டார் பழுது, யாரும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. மறுபடி தண்ணீர் நிறுத்தினோம். ஓரத்தில் சாவியால் கீறினேன், மாவு மாவாக வந்தது. அந்த ஓரத்துக்கு மேலேயே பிறகு பூச்சும் ஓடும் போட்டு மூடியாகிவிட்டது. ஆறாவது மழைக்காலத்தில் அதே ஓரத்தில்தான் முதல் பழுப்புக் கோடு வந்தது.

தளத்துக்குப் பாத்தி கட்டுவது சுலபம். தூணுக்கும் பீம் பக்கவாட்டுக்கும்தான் ஏமாற்றுவார்கள். காலையில் ஒரு குடம் ஊற்றினால் பத்து மணிக்குக் காய்ந்துவிடும். சாக்கைச் சுற்றிக் கட்டி, அது எந்நேரமும் சொதசொதவென்று இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

கலவையில் தண்ணீர் எவ்வளவு?

0.45 விகிதம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர் சொச்சம். மழையில் நனைந்த மணலிலேயே தண்ணீர் இருக்கும், அதையும் இதில் கழிக்க வேண்டும். "கலவ ஓட மாட்டேங்குது" என்று ஒரு பக்கெட் கூடுதலாக ஊற்றுவதைவிட, தண்ணீர் குறைக்கும் ரசாயனமான அட்மிக்சர் வாங்கிக் கொடுப்பது மலிவு.

ஃபிளை ஆஷை நானே வாங்கி ஓபிசியோடு கலக்கலாமா?

கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையில் எடை போட்டு, எந்திரத்தில் கலந்து, சோதனைக் கட்டைகளை உடைத்துப் பார்க்கும் வசதியோடு செய்யலாம். வீட்டு வாசலில் மண்வெட்டியை வைத்துச் செய்ய வேண்டாம். சாம்பலில் எரியாத கரி எவ்வளவு, எவ்வளவு நைசு என்பதெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐஎஸ் 3812 படி கான்கிரீட்டுக்குப் போகும் சாம்பலில் சூடாக்கினால் இழக்கும் எடை (எரியாத கரியைக் காட்டும் அளவு) 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பிபிசியிலேயே சாம்பல் இருக்கும்போது அதன் மேல் இன்னும் சாம்பல் சேர்த்துவிடுவார்கள்.

நெல் உமிச் சாம்பல் உதவுமா? தஞ்சாவூர்ப் பக்கம் மலைமலையாகக் கிடக்கிறதே?

உமியின் சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் வரை சிலிகா இருக்கலாம் என்பது உண்மைதான். சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்து நைசாக அரைத்தால் அருமையான பொருள். ஆலை பாய்லரில் கண்டபடி எரிந்து வரும் சாம்பலில் கரி அதிகம் இருக்கும், சூடு ஏறியிருந்தால் சிலிகா படிகமாகி வினை செய்யாமல் கிடக்கும். கறுப்பாக இருந்தால் கான்கிரீட் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இதில் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய்ச் சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தன்மையைக் குறைக்கும். சாம்பல் கலந்த கான்கிரீட்டில் சுண்ணாம்பு ஏற்கெனவே குறைவு. அதனால் தண்ணீர் விடாமல் காயவிட்டால், இந்த விஷயத்தில் ஓபிசியைவிட வேகமாகக் கெடும்.

நான் சொன்ன அந்த ஓரத்தை உடைத்தபோது ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தோம். காரம் உள்ள இடம் உடனே ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன இடம் நிறமே மாறாது. உடைத்த முகத்தில் உள்பக்கம் பளீரென்று இளஞ்சிவப்பு. வெளிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை. கம்பி அந்த வெளுத்த பட்டைக்குள் இருந்தது. அதே தளத்தில் தண்ணீர் நன்றாக நின்ற நடுப்பகுதியிலும் ஒரு சின்னத் துண்டு எடுத்தோம். அங்கே வெளுத்த பட்டை விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. இரண்டும் ஒரே சிமென்ட், ஒரே நாள் போட்டது.

உடம்புக்கு ஆகாதா?

இறுகிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் சாம்பலால் பயம் இல்லை. உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் போட வேண்டும், சிமென்டுக்கும் அப்படித்தான். ஈரக் கலவை தோலைப் பொத்துவிடும், ஆட்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது விளம்பரமா?

ஒரு டன் கிளிங்கர் (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டி) தயாரிக்க ஏறக்குறைய 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சாம்பல் ஈடுகட்டினால் மிச்சம் உண்மையானது. நம் நிலக்கரியில் 30 சதவீதத்துக்கு மேல் சாம்பலே இருப்பதால் அதை எங்கே வைப்பது என்பதும் பெரிய பிரச்சினை. எண்ணூரில் சாம்பல் கலந்த நீர் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததால் மீன்பிடிப்பவர்கள் பட்ட பாடு பல வருடமாகச் செய்திகளில் வருகிறது. சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இலேயே ஆணை போட்டது. அது ஆற்றில் கிடப்பதைவிட நம் சுவரில் இருப்பது நல்லது என்று நான் மனதார நம்புகிறேன்.

ரெடிமிக்ஸ் வாங்கினால் என்ன கேட்க வேண்டும்?

கலவை விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: சிமென்ட் எத்தனை கிலோ, ஃபிளை ஆஷ் அல்லது ஸ்லாக் எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர். சிமென்ட் ஓபிசியா, ஏற்கெனவே சாம்பல் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள். லாரி வந்ததும் ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லி, சோதனைக் கட்டைகளும் உங்கள் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். வழியில் தாமதமாகிக் கலவை கெட்டிப்பட்டிருந்தால் டிரைவர் டிரம்மில் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார். அங்கேயே நிறுத்தி ஆலைக்கு ஃபோன் போட்டு, அவர்கள் ஆளை வரவழைத்து அட்மிக்சர் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.